இறுதிச் சுற்று வரை வந்த தமிழ்த் தொடர்கள்

கோவாவில் ஆண்டுதோறும் நடக்கும் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில், 2024-இல் சிறந்த வெப் தொடருக்கான இறுதிப் பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன: ‘கோட்டா ஃபேக்டரி’, ‘காலா பானி’, ‘ஜூபிலி’, ‘லம்பன்’, ‘அயலி’. முதல் மூன்றும் இந்தி, நான்காவது மராத்தி, ஐந்தாவது தமிழ். வென்றது ‘லம்பன்’. அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் ஐந்து பெயர்கள், அதிலும் ஒரு தமிழ்த் தொடர். இந்த முறை ‘சுழல்’ இரண்டாம் பாகம். வென்றதோ ‘பந்திஷ் பேண்டிட்ஸ்’ இரண்டாம் பாகம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தமிழ் இறுதிச் சுற்றுக்கு வந்தது, இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியது.

இந்தத் தோல்விகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிதாக யாரும் பேசவில்லை. ஒரு கிரிக்கெட் அணி தொடர்ந்து இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்தால் டீக்கடைதோறும் பேச்சு நடந்திருக்கும். தொடர்களின் ஆட்டத்தையும் அந்த அக்கறையோடு அலசிப் பார்க்கலாம்.

முதலில் ‘அயலி’. 2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் எட்டு அத்தியாயங்களாக வெளிவந்தது. இயக்கம் முத்துக்குமார். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்றொரு கற்பனைக் கிராமம், காலம் 1990. பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், கல்யாணம் நடந்துவிடும். அயலி அம்மனின் பெயரால் ஊரே கட்டிக்காக்கும் வழக்கம் அது. எட்டாம் வகுப்பு படிக்கும் தமிழ்ச்செல்விக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. அவள் செய்யும் ஒரே காரியம், தான் வயதுக்கு வந்ததை ஊருக்குச் சொல்லாமல் மறைப்பது.

தமிழ்ச்செல்வியாக வரும் அபி நட்சத்திராவின் நடிப்பை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ரகசியத்தைச் சுமக்கும் பெண் என்றதும் திரையில் வழக்கமாகக் கண்கலங்கலும் பதற்றமும்தான் வரும். அபி அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு சிரிக்கும்போது கூட அவர் உடம்பில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அம்மாவாக வரும் அனுமோல் அதற்கு ஈடு கொடுக்கிறார். மகள் மறைத்தது தெரிந்த பிறகு அந்தத் தாய்க்குள் வருகிற மாற்றம்தான் தொடரின் முதுகெலும்பு. ஊரின் கட்டுப்பாட்டுக்குப் பயந்து நடந்த ஒருத்தி, மகளுக்காக அதே ஊரை ஏமாற்றத் துணிகிறாள். அறிவுரை சொல்லும் தொடராக இது நழுவிப் போகாமல் காத்தது இந்த இரண்டு பேரின் நடிப்புதான். பின்பகுதியில் சில காட்சிகள் மேடைப் பேச்சாக நீள்வது உண்மை. நடுவர்களின் கண்ணில் அது உறுத்தியிருக்கலாம். ஆனாலும் எதிரே நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் போன்ற தளங்களின் பெரும் பொருட்செலவுத் தொடர்கள் நின்ற பட்டியலில், பெரிய நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாத ‘அயலி’ இடம்பிடித்ததே வலுவான ஆட்டம்.

‘சுழல்’ கதை வேறு. புஷ்கர்–காயத்ரி எழுத்தில் முதல் பாகம் 2022 ஜூனில் வந்தது. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களுக்குள் ஒரு பெண் காணாமல் போகிறாள், ஒரு தொழிற்சாலை எரிகிறது. திருவிழாவும் குற்ற விசாரணையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்ட அந்தக் கட்டுக்கோப்பு இரண்டாம் பாகத்தில் அவ்வளவு இறுக்கமாக இல்லை என்பதே இந்தப் பத்தியின் கணிப்பு. ஒரே கொலையை எட்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஒப்புக்கொள்ளும் துவக்கம் மட்டும் அபாரம். விருதுப் பட்டியலில் ஏறியது அந்த இரண்டாம் பாகம். மேலான முதல் பாகம் வந்தபோது கோவாவில் இந்த விருதே கிடையாது. வெப் தொடருக்கென்று 10 லட்சம் ரூபாய்ப் பரிசோடு அது துவங்கியது 2023-இல்தான். முதல் ஆண்டு வாங்கியது ‘பஞ்சாயத்’ இரண்டாம் பாகம்.

விருதுக் கணக்கைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பரிந்துரை ஒரு சங்கதி, வெற்றி வேறு சங்கதி. அமெரிக்காவின் எம்மி விருதுகளில் ‘பெட்டர் கால் சால்’ 53 முறை பரிந்துரைக்கப்பட்டு ஒன்றைக்கூட வாங்கவில்லை. தொலைக்காட்சி வரலாற்றின் ஆகச் சிறந்த தொடர் என்று பல விமர்சகர்கள் கொண்டாடும் ‘தி வயர்’, ஐந்து பாகங்களுக்கும் சேர்த்துப் பெற்றது இரண்டே பரிந்துரை; வெற்றி பூஜ்யம். மறுபக்கம், பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் பேசும் ‘ஷோகன்’ 2024-இல் 25 பரிந்துரைகளில் 18-ஐ வென்றது. கொரிய மொழித் தொடரான ‘ஸ்க்விட் கேம்’ 2022-இல் 14-க்கு 6. மொழி தெரியாத நடுவர்களையும் நல்ல ஆட்டம் வசப்படுத்தும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

இந்தியாவுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. 2020 நவம்பரில் சர்வதேச எம்மியின் சிறந்த நாடகத் தொடர் விருதை ‘டெல்லி கிரைம்’ வாங்கியது. அந்தப் பிரிவில் இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமையைத் துப்புத் துலக்கிய போலீஸ் அதிகாரிகளின் கதை. இயக்கம் ரிச்சி மேத்தா, முதன்மைப் பாத்திரத்தில் ஷெஃபாலி ஷா. அதற்கு முந்தைய ஆண்டு ‘சேக்ரட் கேம்ஸ்’, அடுத்த ஆண்டு ‘ஆர்யா’, 2024-இல் ‘தி நைட் மேனேஜர்’ என்று அதே பிரிவில் வந்த மற்ற இந்தியத் தொடர்கள் பரிந்துரையோடு நின்றன. நான்குமே இந்தியைச் சுற்றி அமைந்தவை. தமிழ் அந்த மைதானத்தில் இன்னும் கால் வைக்கவில்லை.

தமிழ் பேசும் படைப்பு உலக மேடையில் வெல்லாது என்று சொல்வதற்கில்லை. நீலகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் தமிழில் பேசிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. இயக்கிய கார்த்திகி கொன்சால்வெஸ் ஊட்டியில் வளர்ந்தவர். அது ஆவணக் குறும்படம்தான், தொடர் அல்ல. ஆனாலும் மசினகுடிப் பக்கத்துப் பேச்சு லாஸ் ஏஞ்சலீஸ் அரங்கில் எடுபட்டதை இந்த மாவட்டம் கண்ணால் பார்த்தது.

இனி டிவி நெடுந்தொடர்கள். அதற்கு இதே மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு வரலாம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் சாலையில் உள்ள கட்டபெட்டில், பச்சைத் தேயிலையை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்களுக்கு இரவு சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்தபின் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். மழைக்காலத்தில் மேகம் இறங்கினால் டிஷ் ஆன்டெனாவில் சிக்னல் போய்விடும். அப்போது கைபேசியில் பார்ப்பார்கள். 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுக்கும் மேலாக அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் மற்ற வீடுகளைப் போலவே மலை வீடுகளையும் பிடித்து வைத்திருந்த தொடர் சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’. இரவு ஒன்பதரை மணித் தொடர்.

நடிப்பு அலசல் என்று வந்தால் மாரிமுத்துவை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆதி குணசேகரன் என்ற மதுரைப் பெரியமனிதராக, படித்த மருமகள்களை அடுப்படிக்குள்ளேயே பூட்டி வைக்கும் வீட்டுத் தலைவனாக அவர் நடித்தார். வில்லன் என்று கத்தி நடிக்கவில்லை. தான் பேசுவதெல்லாம் நியாயம் என்று முழுமனதாக நம்புகிற ஆளாக நடித்தார். சோபாவில் சாய்ந்து, எதிரே நிற்பவரைப் பார்க்காமல் பேசத் துவங்குவார். அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குத்தான் கண்ணைத் திருப்புவார். குரல் ஏறுவதற்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் சமையலறை வாசலில் நிற்கும் மருமகள்களின் முகத்துக்கு கேமரா போகும். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்ற நான்கு பேரின் நடிப்பும் அவர் விட்டுக்கொடுத்த அந்த நொடிகளில் வளர்ந்தது. தன்னோடு நடிப்பவர்களையும் உயர்த்தும் ஆட்டக்காரர் அவர்.

2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து காலமானார். அந்தப் பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்று நடித்தார். அவரும் தேர்ந்த நடிகர். ஆனால் குணசேகரன் என்றால் இன்றும் மக்கள் மனதில் நிற்பது மாரிமுத்துவின் முகம்.

இந்த நடிப்பை நாட்டளவில் எடைபோட எந்த விருது இருக்கிறது? தேசியத் திரைப்பட விருதுகளில் தொலைக்காட்சிக்கு இடமில்லை. கோவா விருது வெப் தொடருக்கானது. சேனல்கள் நடத்தும் விருது விழாக்களில் அந்தந்த சேனல் தன் தொடர்களுக்குத் தானே பரிசு கொடுக்கிறது. அது கலைஞர்களுக்கு உற்சாகம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் எதிரணி இல்லாத போட்டி எதையும் அளந்து காட்டாது. மாநில அரசின் சின்னத்திரை விருதுகள்தான் நடுநிலையான அளவுகோல். அவையோ 2009 முதல் 2013 வரையிலான தொடர்களுக்கு 2022 செப்டம்பரில் வழங்கப்பட்டன. நடித்த ஆண்டுக்கும் மேடை ஏறிய நாளுக்கும் இடையில் ஒன்பது முதல் பதின்மூன்று ஆண்டுகள்! ஒரு நடிகையின் கதாநாயகிப் பருவம் முழுவதும் அதற்குள் கடந்து போயிருக்கும். இது நெஞ்சை அறுக்கிற விஷயம்.

நெடுந்தொடருக்கு உலகில் மதிப்பில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சர்வதேச எம்மியில் 2008 முதல் நெடுந்தொடர்களுக்கென்றே ‘டெலிநாவலா’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பிரேசில், போர்ச்சுகல், துருக்கி நாட்டுத் தொடர்கள் அதில் மாறி மாறி வென்றிருக்கின்றன. 2009-இல் வென்றது ‘காமின்யோ தாஸ் இந்தியாஸ்’ என்ற பிரேசில் தொடர். இந்தியக் குடும்பங்களின் கதை. சாதி, கல்யாணம், மாமியார் வீடு எல்லாம் உண்டு. புடவை கட்டி நடித்தவர்கள் பிரேசில் நடிகைகள். நம் வீட்டுக் கதையை அவர்கள் சொல்லிப் பரிசு வாங்கிய அதே ஆண்டில்தான் தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 1533 அத்தியாயங்களோடு முடிந்தது. அதை இயக்கிய திருச்செல்வமே பிறகு ‘எதிர்நீச்சல்’ எடுத்தவர்.

ஆக, தமிழ்த் தொடருக்குத் திறமை குறைவு என்ற பேச்சு எடுபடாது. போட்டிக்குப் பெயர் கொடுப்பதும், நல்ல ஆங்கில சப்டைட்டில் சேர்ப்பதும், நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் எதை நடுவர் முன் வைப்பது என்று தேர்வு செய்வதும்தான் நடக்க வேண்டிய வேலை. கடைசி வேலை மிகக் கடினம். நீண்ட தொடரில் மந்தமான வாரங்கள் இருக்கும். ‘எதிர்நீச்சலை’ அனுப்புவதாக இருந்தால் இந்தப் பத்தியின் தேர்வு, அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கைச் சுற்றி வரும் அத்தியாயங்கள். மூப்பும் கிழட்டுத் தந்திரமும் நிறைந்த அந்தப் பாட்டியின் ஒரு கையெழுத்துக்காக குணசேகரன் இறங்கி வந்து குழைவதும், வேலை நடக்காது என்று தெரிந்ததும் முகம் மாறுவதும் அங்கே இருக்கின்றன. சொத்து, கையெழுத்து, கூட்டுக் குடும்பம் மூன்றும் எந்த நாட்டு நடுவருக்கும் விளக்கவுரை இல்லாமலே புரியும். மாரிமுத்துவின் முழு வீச்சும் அந்த அத்தியாயங்களில் பதிவாகியிருக்கிறது.