முந்தின நாள் சாயங்காலம்

கொழுக்குமலைக்குப் போய் வந்தவர்கள் சூரியோதயத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு மனசில் நிற்பது அதற்கு முந்தின நாள் சாயங்காலம், சூரியநெல்லியில் ஜீப்கார அண்ணன் வண்டியைத் தயார் செய்த அரைமணி நேரம். மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது கேரளப் பக்கத்திலிருந்துதான். கிட்டத்தட்ட 8,000 அடி உயரம். மேலே போகப் போகக் கல்லும் பள்ளமும். அதையெல்லாம் அவர் இங்கேயே, தரையில் குந்தியபடி ஓட்டிப் பார்த்துவிடுகிறார்.

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குகிறார். ‘உஸ்’ஸென்ற சத்தத்தை நடுவில் நிறுத்தி, பக்கவாட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு மூச்சு விடுகிறார். “கல்லுமேல டயர் குதிக்கக் கூடாது தம்பி, கவ்வணும்.” பிறகு ஸ்பிரிங் பட்டைகளை ஸ்பேனரால் தட்டிக் காதுகொடுக்கிறார். இறுக்கமான பட்டை கணீரென்கிறது. ஒன்று மட்டும் மந்தமாக முனக, அங்கே நட்டை முடுக்குகிறார். ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகைத்துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்ணெய் குடித்துக் கறுத்து, நடுவில் ஜாக்கி அழுந்திய வட்டத் தழும்போடு, வழுவழுவென்று இருந்தது. கியர் கம்புக்குப் பக்கத்திலிருக்கும் குட்டைக் கம்பை இழுத்து, நாலு சக்கரமும் பிடிக்கிறதா என்று பத்தடி நகர்த்துகிறார். இறக்கத்தில் பிரேக்கைவிட அந்தக் கம்பைத்தான் அவர் நம்புகிறார். அதைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கும். கடைசியாக, முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்து, அந்தப் பழந்துணியை ஸ்டியரிங்கில் கட்டிவைக்கிறார். விடிகாலை நாலு மணிப் பனியில் கைக்கு முதலில் தட்டுப்பட வேண்டியது அதுதானாம்.