வளமான இணையச் செயலிகள்: அட்டவணைகள் கேட்காத கேள்வி

இணைய உலாவிக்குள் இயங்கினாலும் மேசைக்கணினி மென்பொருளைப் போல நடந்துகொள்ளும் செயலிகளை வளமான இணையச் செயலிகள் என்பர். பக்கம் முழுவதும் மீண்டும் ஏற்றப்படாமல் வேண்டிய பகுதி மட்டும் மாறுவது, பொருள்களை இழுத்துப் போட முடிவது, படமும் ஒலியும் அசைவும் ஒரே இடைமுகத்தில் கலந்து வருவது ஆகியவை இவற்றின் அடையாளங்கள். மாக்ரோமீடியா நிறுவனம் 2002 மார்ச்சில் ஃபிளாஷ் எம்எக்ஸ் பதிப்பை அறிமுகப்படுத்தியபோது, அந்நிறுவனத்தின் ஜெரமி அலேர் எழுதிய வெள்ளை அறிக்கையில் இப்பெயர் இடம்பெற்றது. பெயர் வைத்தவர்களே பொருளையும் விற்றார்கள் என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. பிறகு வந்த ஒப்பீடுகள் பலவும் விற்பனையாளர் வகுத்த அளவுகோல்களையே கையாண்டன. எதில் அசைவு சீராக இருக்கிறது, எது வேகமானது, எந்தச் செருகுநிரல் எத்தனை விழுக்காடு கணினிகளில் உள்ளது என்பன போன்ற அட்டவணைகள் வந்தன. இன்று எழுதும் செயலி பத்தாண்டு கழித்தும் இயங்குமா, அதை முடிவு செய்யப்போவது யார் என்ற கேள்வி அவற்றில் இல்லை.

களத்தில் இருந்தவை

செருகுநிரல்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எச்.டி.எம்.எல். ஆவணங்களுக்காகப் பிறந்த மொழி. 1990களின் இறுதியில் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஒரே பக்கத்தை இரு விதமாகக் காட்டின. ஒரு படிவத்தை எழுதி இரண்டிலும் ஓட வைப்பதே நிரலாளருக்குப் பெரும்பாடு. 1995இல் வந்த ஜாவா குறுஞ்செயலிகள் இதற்குத் தீர்வாகப் பேசப்பட்டன. ஆனால் அவை தொடங்குவதற்குள் பயனரின் பொறுமை போய்விடும். ஃபிளாஷ் இயக்கியோ அளவில் சிறியது, எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி ஓடியது. அன்றைய நிரலாளர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் மடமை ஏதுமில்லை.

2004இல் ஃபிளெக்ஸ் வந்தது. படம் வரைபவரின் கருவியாக இருந்த ஃபிளாஷை நிரலாளரின் கருவியாக மாற்றியது அதுதான். 2005 இறுதியில் மாக்ரோமீடியாவை அடோபி வாங்கிக்கொண்டது. 2008 பிப்ரவரியில் மேசைக்கணினிக்கான ஏர் முதல் பதிப்பும் ஃபிளெக்ஸ் 3உம் ஒன்றாக வெளிவந்தன. ஃபிளெக்ஸ் கட்டமைப்பின் மூலநிரல் மோசில்லா பொது உரிமத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், எஸ்.டபிள்யூ.எஃப். கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பைப் பயன்படுத்தி வேறு இயக்கி எழுதக் கூடாது என்ற தடையையும் அடோபி நீக்கியது. ஆனால் அந்தக் கோப்பை ஓட்டும் ஃபிளாஷ் இயக்கியின் மூலநிரல் கடைசிவரை மூடியே இருந்தது. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்ட கதை இது.

மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் 2007 செப்டம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் டாட்நெட் மொழிகளில் எழுத முடிந்தது. நிரல் எழுதுபவரின் கண்ணால் மட்டும் பார்த்தால், செருகுநிரல்களில் இதுவே சிறந்தது எனலாம். சி ஷார்ப் போன்ற முதிர்ந்த மொழி, பிழை கண்டறிய நல்ல கருவி, காணொளியில் இணைய வேகத்துக்கேற்பத் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி என எல்லாம் இருந்தன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை என்பிசி இதன்வழியே இணையத்தில் காட்டியது. நெட்ஃபிளிக்சும் இதை ஏற்றது. லினக்சுக்காக மோனோ குழுவினர் மூன்லைட் என்ற திறமூல வடிவத்தை உருவாக்கினர். அதில் உரிமைக்காப்புப் பூட்டு இல்லாததால் நெட்ஃபிளிக்ஸ் ஓடவில்லை. எல்லாத் தளங்களிலும் இயங்கும் என்ற விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இருந்த தொலைவை இந்த ஓர் உதாரணமே காட்டிவிடும்.

சன் நிறுவனத்தின் ஜாவாஎஃப்எக்ஸ் 2008 டிசம்பரில்தான் முதல் பதிப்பைக் கண்டது. அதற்கெனப் புதிதாக உருவாக்கிய எழுத்துமொழியை 2011இல் இரண்டாம் பதிப்பு கைவிட்டது. நம்பி அந்த மொழியைக் கற்றவர்களுக்கு மூன்றாண்டு வீண்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது ஒரு நிறுவனப் பொருளே அல்ல. பக்கத்தை மாற்றாமல் வழங்கியிடமிருந்து தரவைப் பெறும் வழியை அவுட்லுக்கின் இணைய வடிவத்துக்காக மைக்ரோசாஃப்ட்தான் உருவாக்கி, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் சேர்த்தது. அதன் மதிப்பை அந்நிறுவனமே உணரவில்லை. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் வரைபடமும் அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் அம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டார். அழகில் அது ஃபிளெக்சுக்கு ஈடில்லை. உலாவிக்கு உலாவி வேறுபாடு வேறு. ஆனால் அதை நிறுத்திவிடும் அதிகாரம் எந்த ஒரு நிறுவனத்திடமும் இல்லை.

எழுத்து என்னும் சோதனை

செருகுநிரலின் அடிப்படைக் குறை எங்கே இருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ‘கொ’ என்ற எழுத்து ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். சாதாரண இணையப் பக்கத்தில் உலாவி இவ்வேலையை இயங்குதளத்தின் எழுத்துப்பொறியிடம் ஒப்படைத்துவிடும். செருகுநிரலோ தனக்கெனத் திரையை வரைவது. எனவே எழுத்தைக் கோக்கும் அறிவும் அதற்குத் தனியே வேண்டும். ஃபிளாஷ் இத்தகைய எழுத்துமுறைகளுக்கான புதிய உரைப்பொறியைப் பெற்றது 2008இல் வந்த பத்தாம் பதிப்பில்தான். அதற்கு முன் தமிழில் செய்தவர்கள் பழைய குறியாக்க எழுத்துருவைப் பதித்தோ, சொற்களைப் படமாக்கியோ சமாளிக்க வேண்டியிருந்தது.

படமாக்கிய சொல்லைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. எழுத்துச் சரியாக வந்த பிறகும், உலாவியைப் பொறுத்தவரை ஃபிளாஷ் செயலி என்பது பக்கத்தின் நடுவே உள்ள ஒரு மூடிய பெட்டிதான். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் செயலியின் முந்தைய நிலைக்குப் போகாமல், முன்பு பார்த்த தளத்துக்கே போய்விடும். ஃபிளெக்ஸ் 3 இதற்கு ஒட்டு வேலை செய்தது. தேடுபொறிகள் எஸ்.டபிள்யூ.எஃப். கோப்பைப் படிக்க 2008இல் அடோபி உதவியது. இணையம் இலவசமாகத் தரும் ஒவ்வொரு வசதியையும் பெட்டிக்குள் மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது என்பதே பொருள். அம்ச அட்டவணைகளில் இந்தச் செலவு எந்தக் கட்டத்திலும் இல்லை.

கடிதமும் காலாவதியும்

2007இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை வெளிப்படையான கடிதமாக எழுதினார். பாதுகாப்பு, மின்கலச் செலவு, தொடுதிரைக்கு ஒவ்வாமை என்று அவர் சொன்னவற்றில் உண்மை உண்டு. ஆனால் ஃபிளாஷ் ஒரு நிறுவனத்தின் மூடிய பொருள் என்ற வாதத்தை, தன் ஒப்புதல் இல்லாமல் ஒரு செயலியும் நுழைய முடியாத கடையை நடத்தியவர் சொன்னார். அதே மாதம், ஃபிளாஷில் எழுதி ஐபோனுக்கு மாற்றிய செயலிகளையும் தடுக்கும் விதியை ஆப்பிள் கொண்டுவந்தது. செப்டம்பரில் அதைத் தளர்த்தியது. எனவே இது திறந்த தரநிலைக்கும் மூடிய பொருளுக்கும் நடந்த அறப்போர் என்று எழுதுவோரை அப்படியே நம்பத் தேவையில்லை. ஒரு வாயிற்காப்பாளர் இன்னொருவரை வெளியேற்றினார். அதன் பலன் எச்.டி.எம்.எல். 5க்குக் கிடைத்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 2011 நவம்பரில் கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷ் வளர்ச்சியை அடோபி நிறுத்தி, ஃபிளெக்சை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அடுத்த மாதம் சில்வர்லைட் 5 வந்தது, ஆறாம் பதிப்பு வரவேயில்லை. எச்.டி.எம்.எல். 5 டபிள்யூ3சியின் பரிந்துரையானது 2014 அக்டோபரில். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் இயக்கியே தன்னுள் வரும் கோப்புகளை ஓட்ட மறுத்தது. பழைய நிரல் பழுதானதால் நின்றதல்ல இது. குறித்த தேதியில் தானே நிற்கும்படி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. சில்வர்லைட்டின் முறை 2021 அக்டோபர் 12.

மூன்றாண்டுக்கு முன்பே, 2017 ஜூலையில், அடோபி இதை அறிவித்திருந்தது. அப்படியும் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் சில வரிப் படிவங்கள் ஃபிளாஷிலேயே இருந்தன. 2021 ஜனவரியில் அத்துறை, ஃபிளாஷ் இயங்கும் தனி உலாவி ஒன்றையே வெளியிட்டு வரி செலுத்துவோரைப் பதிவிறக்கச் சொன்னது. அதுவும் விண்டோஸ் கணினிக்கு மட்டும். இதைக் கண்டு சிரித்தவர்கள் பலர். ஆனால் குடிமகன் அரசுக்குச் செய்ய வேண்டிய கடமையின் வாயில், அந்த அரசுக்குக் கட்டுப்படாத ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியைச் சார்ந்திருந்தது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வென்றவர்களின் நோய்

செருகுநிரல் ஒழிந்ததும் அதன் குறைகள் ஒழிந்துவிடவில்லை. பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டே கட்டும் இன்றைய செயலிகளில், பின்செல்லும் பொத்தான் தடுமாறுவதும் தேடுபொறிக்கு வெற்றுப்பக்கம் கிடைப்பதும் புதிதல்ல. ட்விட்டர் 2010இல் அந்த வழியில் போய், 2012இல் பக்கத்தை வழங்கியிலேயே ஆயத்தம் செய்யும் முறைக்குத் திரும்பியது. முதல் கீச்சு திரையில் தெரியும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. உரிமைக்காப்புப் பூட்டும் 2017இல் டபிள்யூ3சியின் பரிந்துரையாக இணையத் தரநிலைக்குள் நுழைந்தது. மூன்லைட்டில் நெட்ஃபிளிக்சைத் தடுத்த அதே வகைப் பூட்டு, இம்முறை தரநிலையின் முத்திரையோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த உலாவிப் பொறியைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் கூகுளின் குரோமியத்தின் மீது அமைந்த எட்ஜை வெளியிட்டது. தரநிலை எல்லோருக்கும் பொது. ஆனால் அதை நடைமுறையில் ஓட்டும் பொறிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன.

ஆயினும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. 1990களில் எழுதிய சாதாரண எச்.டி.எம்.எல். பக்கத்தை இன்றைய உலாவி பெரும்பாலும் திறந்து காட்டும். ஃபிளாஷ் கோப்புக்கு அந்த வாய்ப்பு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. ரஸ்ட் மொழியில் தன்னார்வலர்கள் எழுதிவரும் ரஃபிள் என்ற திறமூலப் போலி இயக்கியைக் கொண்டு, 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் பழைய விளையாட்டுகளையும் அசைபடங்களையும் மீண்டும் இயக்கிக் காட்டத் தொடங்கியது. அடோபி முன்பு வெளியிட்டுத் தடை நீக்கியிருந்த விவரக்குறிப்பு அங்கே கைகொடுத்தது. இவ்வாறு மீண்டவை பெரும்பாலும் தனிக்கோப்பாக நிற்கக்கூடிய படைப்புகள். ஃபிளெக்சில் எழுதப்பட்ட வணிகச் செயலிகள் வழங்கியோடு பேசியே வாழ்ந்தவை. அந்த வழங்கிகள் அணைக்கப்பட்ட பின், கோப்பு கையில் இருந்தாலும் திரையில் வருவது உள்நுழைவுப் பெட்டி மட்டும்தான்.