கறையைக் காட்டும் துளி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் பனையேறிகளுக்கு ஈஸ்டின் குணம் அத்துப்படி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத அக்கானி, தடவாவிட்டால் கள். கள்ளைப் புளிக்கவைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட்தான் ஆய்வுக்கூடங்களுக்கும் செல்லப்பிள்ளை.

1965இல் மரபியலாளர் பிரையன் காக்ஸ் அதில் மெண்டல் விதிக்கு அடங்காத ஒரு பரம்பரைக் குணத்தைக் கண்டார். டிஎன்ஏ மாறாமலே, தவறாக மடிந்த புரதம் தாய்ச் செல்லிலிருந்து மகள் செல்லுக்குப் போகிறது என்ற விளக்கத்தை 1994இல் ரீட் விக்னர் முன்வைத்தார். அதுதான் பிரியான். காக்ஸ் கண்ட குணத்துக்குக் காரணமான புரதம் சப்35. 685 அமினோ அமிலங்கள் கொண்டது.

இந்தப் புரதத்தை அடையாளம் காண ஆன்டிபாடி உதவும். சப்35இன் ஒரு துண்டை முயலுக்கு ஊசியாகப் போட்டால், அதன் இரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி உருவாகும். ஆயிரக்கணக்கான ஈஸ்ட் புரதங்களுக்கு நடுவே தன் ஆளைப் பிடிக்கச் சில மைக்ரோலிட்டர் போதும்.

ஆனால் அந்த ஆன்டிபாடிக்கு நல்ல சப்35, திரிந்த சப்35 என்ற பேதமில்லை. இரண்டையும் பிரித்துக் கொடுப்பது அகரோஸ் ஜெல். மாதிரியைக் கொதிக்கவைக்காமல் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைக் கலந்து அதில் ஓட்டினால், தனிப் புரதம் கீழிறங்கி ஒற்றைப் பட்டையாக நிற்கும். பிரியான் திரள்கள் மேலேயே இழுபட்ட கறையாகத் தேங்கும். கொதிக்கவைத்து ஓட்டினால் கறை போய்ப் பட்டை மட்டும் மிஞ்சும். இரண்டையும் கண்ணுக்குக் காட்டுவது அந்த ஆன்டிபாடியே.

இதற்கென உருவாக்கிய ஈஸ்டில், பிரியான் இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் சிவப்பு என்று நிறம் பார்த்தும் ஊகிக்கலாம். ஆனால் மரபணு மாற்றத்தாலும் நிறம் மாறும். அதனால் கறையைப் பார்த்த பிறகே விவரமான ஆய்வாளர் வாய் திறப்பார்.