டெங்கான் இஸின்

நம் மலேசிய மக்களவையில் உள்ள ஒரு சின்ன வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மலாயில் பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினர் ஒருவருக்குச் சட்டென்று ஓர் ஆங்கிலச் சொற்றொடர் தேவைப்படும். அதைச் சொல்லி, மூச்சு விடாமல் 'டெங்கான் இஸின்' என்று சேர்த்துக்கொள்வார். 'அனுமதியுடன்' என்று பொருள். அவைத்தலைவர் அனுமதித்தால் உறுப்பினர் ஆங்கிலத்தில் பேசலாம் என்கிறது 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம். அந்தப் பிரிவு முழுவதும் இரண்டே சொல்லாகிப் பேச்சோடு பேச்சாக ஓடுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் விருந்தாளியைப் போல ஆங்கிலம் அந்த அவைக்குள் நுழைகிறது.

மேடைக்காக ஆங்கிலம் கற்கிறவர்களும் அந்தச் சொற்களிடம் இதே மரியாதையோடு போக வேண்டும் என்பது என் கட்சி. ஐம்பது மரபுத்தொடரை மனப்பாடம் செய்து பேச்சு முழுக்கத் தூவுகிறவர்களைக் கேட்டால் எனக்குச் சோர்வுதான் வருகிறது. ஒரு தொடரை எடுத்தால் அதற்குள் இருக்கும் பொருளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

'விப்' என்ற சொல்லையே பாருங்கள். இங்கிலாந்தின் நரி வேட்டையில் கூட்டத்தை விட்டு விலகி ஓடும் நாய்களைத் திருப்பிச் சேர்ப்பவர் 'விப்பர்-இன்'. கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்குத் திரட்டுபவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதைக் கொறடா ஆக்கியது. நாயும் நரியும் வழியிலேயே நின்றுவிட, சாட்டை மட்டும் கடல் தாண்டி வந்து தமிழில் குடியேறிவிட்டது. 'கேண்டிடேட்' இன்னும் அழகு. பழைய ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவர்கள் சுண்ணத்தால் வெளுப்பேற்றிய ஆடை உடுத்துவார்கள். பளீர் வெள்ளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் வேட்பாளருக்கு அந்தப் பெயர். வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி வருகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

அரசியல் ஆங்கிலத்தின் உண்மையான ருசி அடக்கத்தில் இருக்கிறது. அவையில் ஒருவரைப் பொய்யர் என்று சொல்லக்கூடாது; 'அவையைத் தவறாக வழிநடத்துகிறார்' என்று சொல்லலாம். கோபம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் தாழும். என்னைக் கேட்டால் அந்த மொழியின் மிகக் கூர்மையான தொடர், 'வெளியே வந்து சொல்லுங்கள்' என்பதுதான். அவைக்குள் பேசியதற்கு அவதூறு வழக்குப் போட முடியாது. அரசியலமைப்பின் 63-ஆவது பிரிவு உறுப்பினரைக் காக்கிறது. வாசலைத் தாண்டினால் அந்தக் கவசம் கழன்றுவிடும். 1964-இல் ஈப்போ உறுப்பினரும் வழக்கறிஞருமான டி. ஆர். சீனிவாசகம், கல்வியமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது கோலாலம்பூரில் அவைக்குள் ஊழல் குற்றம் சாட்டினார். வெளியே சொல்லத் தயாரா என்று சவால் வந்தது. பொதுமக்கள் முன்னால் அதையே சொன்னார் சீனிவாசகம். அமைச்சர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். பேச்சுக்கலை பழகுகிற யாருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இது. அந்த ஒரு தொடரின் எடை அப்போதுதான் புரியும்.

மொழிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அல்ல. 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியில் கோலாலம்பூர்த் தெருக்களில் எழுந்த 'மக்கள் சக்தி', அடுத்த மார்ச் மாதப் பொதுத்தேர்தலுக்குள் செராமா எனப்படும் அரசியல் கூட்ட மேடைகளில் மலாய், சீனப் பேச்சாளர்களின் வாயிலும் ஒலித்தது. ஆங்கிலப் பத்திரிகைகளும் மொழிபெயர்க்காமலே அச்சடித்தன. ஒரு தமிழ்த் தொடர் யாரிடமும் இஸின் கேட்காமல் இந்த நாட்டின் அரசியல் பேச்சுக்குள் நடந்து போன நாட்கள் அவை. நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சிக் கூட்டம் ஒன்றுக்கு நான் போவதுண்டு. அன்றைய புதுச்சொல்லை ஒருவர் பலகையில் எழுதுவார். 'ஆ', 'உம்' என்ற இழுவைகளை இன்னொருவர் எண்ணிக்கொண்டிருப்பார். பேசுகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் வரும் ஓர் இளம்பெண் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்'னு சொல்றாங்களே, மண்ணுல நட்ட கம்பம் எப்படி நகரும்?"

"சின்ன வயசுல பந்து விளையாடினியாம்மா? கோலுக்கு எதை வெச்சீங்க?"

"சிலிப்பர்தான்..." என்றவள் பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டாள். "எங்க அண்ணன் கோல்கீப்பரா நின்னா, காலாலேயே உள்ள தள்ளிக்கிட்டே இருப்பான் அங்கிள்!"

அடுத்த மாதம் அவள் தன் பிளாட்டின் மின்தூக்கியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினாள். பாதிக் குடும்பங்கள் கையெழுத்திட்டால் பழுது பார்ப்போம் என்றார்களாம். வாங்கிக் கொடுத்ததும் முக்கால்வாசி வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தபோது எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, தன் வலது செருப்பைக் கழற்றி மேடை நடுவில் வைத்தாள். 'பாதி' என்று சொல்லிப் பெருவிரலால் ஒரு தள்ளு. 'முக்கால்' என்று இன்னொரு தள்ளு. 'எல்லாரும்' என்றபோது செருப்பு மேடை ஓரத்துக்குப் போயிருந்தது. பிறகுதான், குரலை ஏற்றாமல், அந்த மரபுத்தொடரைச் சொன்னாள். ஒரே ஒரு முறை.

சிவப்பு அட்டை உயர்ந்தது. ஒற்றைக் காலில் நொண்டி மேடை ஓரம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இழுவைகளை எண்ணுகிறவரின் தாளில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடுகூட இல்லை.