வசைச்சொல்லும் வரலாற்றுப் பிழையும்

கடந்த கால மாந்தரைப் படைக்கும் நாவலாசிரியர், அக்காலத்து வசைச்சொற்களையும் அவர்தம் வாயில் இடலாமா என்னும் வினா இலக்கிய உலகில் மீண்டும் மீண்டும் எழுகின்றது. புண்படுத்துகின்றன, எனவே நீக்குக என்பார் ஒருசாரார். வரலாறு அவ்வாறே இருந்தது, விட்டுவைக்க என்பார் மறுசாரார். இருவருமே சொல்லின் மீது மட்டும் கண் வைத்து, அதனினும் பெரிய தீங்கைக் காணாது விடுகின்றனர் என்பது நம் கருத்து. சர் வால்ட்டர் ஸ்காட் 1825இல் வெளியிட்ட ‘தி டாலிஸ்மன்’ என்னும் நாவலை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

மூன்றாம் சிலுவைப் போரைக் களமாகக் கொண்ட இந்நாவலில் கிறிஸ்தவ வீரர்கள் முஸ்லிம்களை ‘நம்பிக்கையற்றோர்’, ‘புறச்சமயத்தார்’ என இழித்துரைக்கின்றனர். ஓரிறைக் கொள்கையையே உயிராகக் கொண்ட சமுதாயத்திற்கு இது கசக்கவே செய்யும். ஆயினும் 12ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வீரன் வேறு எவ்வாறு பேசியிருப்பான்? முஸ்லிம்கள் மூன்று தெய்வங்களை வணங்குவதாகக் கூறிய ‘ரோலண்டின் பாடல்’ போன்ற காவியங்கள் உலவிய காலம் அது. அவன் நாவில் கண்ணியமான சொற்களை இடுவதே பொய்யாகும்.

நம்மை உறுத்துவது வேறோர் இடம். பாலைவனத்தில் ஸ்காட்லாந்து வீரன் கென்னத்துடன் பயணம் செய்யும் ஷீர்கோஃப் என்னும் குர்து அமீர், தம் குலம் ஜின்களின் வழிவந்தது எனப் பெருமை பேசி, பண்டைப் பாரசீகர் தீமையின் அதிபதியாகக் கருதிய அஹ்ரிமனைத் துதித்துப் பாடுகிறார். அந்த அமீர், மாறுவேடம் பூண்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியே எனப் பின்னர் அறிகிறோம்!

1188 முதல் சுல்தானிடம் பணியாற்றிய காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதிய வரலாறு நம்மிடம் உள்ளது. ஜமாஅத் தொழுகையில் சுல்தானுக்கு இருந்த பேணுதலையும், குர்ஆன் ஓதக் கேட்டு அவர் கண்ணீர் மல்கியதையும் அவர் பதிவு செய்துள்ளார். போர்க்களத்தில் இரு அணிகளுக்கிடையே குதிரைமீது இருந்தவாறே ஹதீஸ் வாசிக்கக் கேட்டவர் அந்தச் சுல்தான். அத்தகையவரை அஹ்ரிமன் துதி பாட வைத்த ஸ்காட் அவரை வெறுத்தவரும் அல்லர்; ரிச்சர்ட் மன்னனினும் பண்பாளராக அவரைக் காட்டியவர். கிழக்கு நாடுகளைத் தாம் அறியாதவர் என்றும், இளமையில் படித்த ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நினைவே துணை என்றும் முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். வசையைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் வாசகர், புகழ்ச்சியோடு கலந்து வரும் பொய்யை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறார்.

நம் தரப்பு ஏடுகளிலும் வசைக்குக் குறைவில்லை. 1184இல் அக்கா நகர் வழியே சென்ற அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர், பரங்கியரின் அரசனைப் பன்றி என்றும் அவன் தாயைப் பெண் பன்றி என்றும் எழுதுகிறார். (நம் தமிழில் வழங்கும் ‘பரங்கி’யும் சிலுவைப் போராளிகளை அரபியர் அழைத்த ‘இஃப்ரஞ்ச்’ என்பதன் உறவே.) அதே ஏட்டில், திப்னீனுக்கும் அக்காவுக்கும் இடைப்பட்ட முஸ்லிம் உழவர்கள், விளைச்சலில் பாதியும் தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும் பரங்கியருக்குச் செலுத்தி, தம் இல்லங்களில் நிம்மதியாக வாழ்வதாகவும், முஸ்லிம் நிலக்கிழார்களின் கீழ் உள்ளோர்க்கு அந்த நீதி கிட்டவில்லை என்றும் வேதனையோடு குறிப்பிடுகிறார்.

இந்நூலைத் தமிழாக்குவோருக்கு, நல்லிணக்கம் கருதிப் ‘பன்றி’யை நீக்கிவிடத் தோன்றலாம். நீக்கலாகாது. பரங்கியரை இவ்வளவு வெறுத்தவர் அவர்களுடைய நீதிக்குச் சாட்சி சொல்கிறார் என்பதால்தான் உழவர் பற்றிய செய்திக்கு எடை கூடுகிறது. அறிவிப்பாளரின் சார்பை ஆராய்ந்தே செய்தியை ஏற்கும் ஹதீஸ் கலையில் பயின்றோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஸ்காட்டின் நாவலைத் தமிழில் தருவோரும் கென்னத்தின் வசைகளைத் தொட வேண்டா. அஹ்ரிமன் துதி வரும் பக்கத்தின் அடியில், இப்னு ஷத்தாதின் கூற்றை இரண்டு வரிகளில் சேர்த்தால் போதும்.