நான்கு நூல்களும் நம் கருத்தும்

ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மிடம் மாணாக்கர் அடிக்கடி வினவுவதுண்டு: "எதை வாசிக்கலாம், ஹஜ்ரத்?" நூற்பட்டியல் கூறி அனுப்பிவிடுதல் எளிது. நாம் வாசித்த நான்கு நூல்களைப் பற்றி மனத்திற் பட்டதை மறைக்காது உரைப்பதே முறையெனக் கருதுகிறோம்.

முதலாவது சீறாப்புராணம். உமறுப் புலவர் 5,027 விருத்தங்களாற் பாடிய இக்காப்பியம் நம் இல்லங்கள் பலவற்றில் துணியிற் பொதிந்து உயரே வைக்கப்பட்டுள்ளது, வாசிக்கப்படுவது அரிது. பாலை நிலமாகிய அரபு நாட்டில் ஆறு பெருகி நெல் விளைவதாகப் பாடியிருப்பது பொருந்துமா என்று இளமையில் நாமும் குறை கூறியதுண்டு. பாடஞ் சொல்லப் புகுந்த பின்னரே உண்மை விளங்கிற்று. தமிழ்க் காப்பிய மரபில் நாட்டு வளம் பாடுதல் நிலநூல் எழுதுதல் அன்று, வாழ்த்துதல். அண்ணலார் (ஸல்) பிறந்த நாட்டுக்குத் தமிழர் அறிந்த வளமனைத்தையும் புலவர் காணிக்கையாக்கினார். ஆயினும் வருணனை மிகுதியால் கதை சில இடங்களில் தயங்கி நிற்பதை மறுப்பதற்கில்லை. புதிதாய் வாசிப்போர் மானுக்குப் பிணை நின்ற படலத்திலிருந்து தொடங்குக. அதனைப் பொருள் கூறி வாசித்தால் சிறுவரும் அசையாது கேட்கின்றனர்.

அடுத்தது, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் இயற்றிய 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் மார்க்கச் சட்டநூல். அதன் வசனம் இன்றைய வாசகர்க்குக் கடினமே. எனினும், தமிழ் எழுத்தறியாத நம் பாட்டிமார் அரபெழுத்தின் வழியே தமிழை வாசித்துச் சட்டங்களைத் தாமே அறிந்துகொள்ள உதவியவை இத்தகைய நூல்களே. அவ்வெழுத்தை வாசிக்கவல்லார் இன்று நம்மிடையே அருகிவிட்டனர். இந்நூலைக் கையிலெடுக்குந்தோறும் நமக்கு வருத்தமே மிகுகிறது.

கண்டி சித்திலெப்பை அவர்களின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. தமிழ் நாவலின் தொடக்க காலத்தது. கதையில் தற்செயல்கள் மிகுதி. முன்னோடி நூலென்ற மதிப்போடு ஒருமுறை வாசித்தல் போதும்.

இறுதியாக, தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 1988இல் நூலாக வந்தது. ஓதுகின்ற நாளில் நண்பர் ஒருவர் கையில் இதனைக் கண்டு, "நம்மைப் பிறர்முன் இழிவுபடுத்தும் நூல்" என்று வாசியாமலே தீர்ப்புக் கூறினோம். அவரும் நம் சொல்லை மதித்து அதனை மூடி வைத்தார். விசாரியாது தீர்ப்பளித்தல் கூடாதென்று ஓதியவர்கள் நாம்!

பல்லாண்டுகள் கழித்தே வாசித்தோம். செல்வச் செருக்குடைய முதலாளியையும், அவர் முன் தலைவணங்க மறுக்கும் ஏழைச் சுறாப்பீலி வியாபாரியையும், ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின்மேல் எழும் அச்சத்தையும் கண்டபோது, இவை நாம் அறிந்த ஊர்களிலும் உண்டென உணர்ந்தோம். ஆசிரியர் இழிவுபடுத்தியது மார்க்கத்தை அன்று. மார்க்கத்தின் பெயரால் எளியோரை அடக்கியோரையே. மலையாளங் கலந்த வட்டார வழக்கு முதலில் இடறும். பொறுமையோடு சென்றால் பழகிவிடும்.

வாசக அன்பர்களே! சீறாவை வாசியாமலே போற்றுகிறோம். நாவலை வாசியாமலே தூற்றுகிறோம். இரண்டும் ஒரே பிழையென்பது நம் துணிபு. அந்நண்பரிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டு இந்நாவலை அண்மையில் அனுப்பி வைத்தோம். வீட்டில் உயரே இருந்த சீறாவையும் கீழே இறக்கினோம்.