பலாத்தோப்பு

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் தோப்புகளில் பலா அடிமரத்திலும் பருத்த கிளையிலும் காய்க்கும். நுனிக்கொம்பு அந்தக் கனத்தைத் தாங்குமா? நெருக்கிப் பிடித்த பிஞ்சுகளில் எதைக் கழிப்பது, எதை விடுவது என்று அளந்து பார்க்கும் தோப்புக்காரரின் கண்தான் எனக்கு வியப்பு. மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் ஒன்றும் பெருக்காது. முற்றிய காயைத் தட்டிப் பார்ப்பார்கள்; ஓசை மந்தமாக வந்தால் அறுக்கலாம்.

2011 டிசம்பரில் தானே புயல் இந்த மரங்களையும் முந்திரியையும் ஏராளமாகச் சாய்த்தது. முந்திரியை மறுபடி நட்டால் சில ஆண்டுகளில் பலன் பார்க்கலாம். பெரும் பலாவுக்கு ஒரு தலைமுறை வேண்டும். காய்ப்பு ஓய்ந்த மரத்துக்கும் மதிப்புண்டு. தஞ்சாவூர் வீணையைப் பலாமரத்தில்தான் செய்கிறார்கள்.

அந்த வழியே போனால் சாலையோரச் சுளையோடு திரும்பிவிடாதீர்கள். தோப்புக்காரரிடம் கேட்டு உள்ளே போய் ஒரு மரத்தையாவது பாருங்கள்.